விக்கா, ஹேர் வீவிங்கா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பார்லர் வைத்திருக்கிறேன். விக் பொருத்துவது, வீவிங் செய்வது இரண்டும் என் வேலை. டவுனிலிருந்து வருகிறவர்களும் சரி, ஏற்காடு மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வீவிங் செய்தவர் தளர்ந்த பின்னலைச் சரிசெய்ய மாதாமாதம் சர்வீஸுக்கு வருவார் என்பதால் கடைக்காரருக்கு அதில்தான் வருமானம் அதிகம். ஆனாலும் வருகிறவர்களில் நிறையப் பேரிடம் நான் விக்கைத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஏன் என்பது பதில்களில் இருக்கிறது.

விக், வீவிங், பேட்ச், சவுரி... என்னதான் வித்தியாசம்?

விக் என்றால் முடி தைத்த முழுத் தொப்பி. காலையில் போட்டு இரவில் கழற்றி வைத்துவிடலாம். தலையில் ஒரு முடிகூட இல்லாவிட்டாலும் நிற்கும்.

வீவிங் உங்கள் சொந்த முடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பெண்களுக்கு, தலையோடு ஒட்டினாற்போல் சின்னச் சின்னதாகப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் முடிச்சரத்தை வளைந்த ஊசியாலும் நூலாலும் தைப்போம். ஆண்களுக்கு, வழுக்கையைச் சுற்றி மிச்சமிருக்கிற முடியில் பின்னல் போட்டு, நடுவில் பேட்சைத் தைப்போம். தைத்தது தைத்ததுதான். பிரிக்கிறவரை குளிப்பது, தூங்குவது எல்லாம் அதோடுதான்.

பேட்ச் தலையின் ஒரு பகுதியை மட்டும் மூடும். தைக்கலாம், டேப் போட்டு ஒட்டலாம், கிளிப்பிலும் மாட்டலாம். சவுரி எல்லோருக்கும் தெரிந்ததே. முடி இருக்கிறது, நீளம்தான் பற்றவில்லை என்றால் இன்றைக்கும் சவுரியே போதும். இரண்டு நாள் கல்யாணத்துக்காக யாரும் தலையில் ஊசி நூலை எடுக்க வேண்டியதில்லை.

அக்கா, எனக்கு எது சரியா வரும்?

போட்டோ மட்டும் அனுப்பிக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நேரில் வந்தால் முதலில் வகிடு எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் காதுக்கு மேலே, பிடரியில், உச்சியில் என்று நாலைந்து இடத்தில் கொஞ்சம் முடியை விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பேன். கையோடு நாலைந்து முடி வந்துவிட்டால் அன்றைக்கு வீவிங் பேச்சே கிடையாது. கொட்டிக்கொண்டிருக்கிற முடியில் பாரத்தைத் தொங்கவிட்டால் இருக்கிறதும் சேர்ந்து போகும்.

வீவிங் யாருக்குப் பொருந்தும்? முடி கொட்டுவது நின்று ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். சுற்றி இருக்கிற முடி அடர்த்தியாக, பின்னல் போடும் அளவு நீளமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வர நேரமும் பணமும் வேண்டும். தலையில் பொடுகு, புண், அரிப்பு இருக்கக் கூடாது. இத்தனையும் இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், நன்றாகவே இருக்கும். ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்கும், கழன்றுவிடுமோ என்ற பயம் விடாமல் துரத்துகிறவர்களுக்கும் வீவிங் தருகிற நிம்மதி பெரியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதில் ஒன்று குறைந்தாலும் விக், அல்லது கிளிப் பேட்ச். இரவில் கழற்றி வைக்க முடிகிற எதுவும் தலைத்தோலுக்கு நல்லது. மருந்து தடவலாம், எண்ணெய் வைக்கலாம், காற்றுப் படும்.

வீவிங் செய்தால் உள்ள முடியும் போய்விடும் என்கிறார்களே?

இழுத்துக் கட்டினால் போகும். தொடர்ந்து ஒரே இடத்தில் இழுவை விழுந்தால் வேர் பலவீனமாகி முடி உதிரும். முதலில் நெற்றி ஓரம், காது மேல் என்று பின்னல் இறுக்கமாக இருக்கிற இடங்களில்தான் தெரியும். சீக்கிரம் கவனித்தால் திரும்ப முளைக்கும். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் வழவழப்பாகி, பிறகு முளைக்கவே முளைக்காது.

தைத்து முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் மேலே இழுக்கிறதா, ஓரத்தில் குட்டிக் குட்டிப் பருக்களாகத் தடித்திருக்கிறதா, அன்று ராத்திரி தலையணையில் தலை வைக்க வலிக்கிறதா? அப்படியென்றால் இறுக்கம் அதிகம். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்வார்கள். பழக வேண்டாம், மறுநாளே போய்த் தளர்த்தச் சொல்லுங்கள்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் ஒரு மாதத்தில் பின்னல் அந்த அளவு தலையைவிட்டு எழும்பிவிடும். எழும்பிய பின்னல் ஆடும், ஆட ஆட வேரை இழுக்கும். சர்வீஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பெண்களுக்கான வீவிங்கை எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. பிரித்த பிறகு இரண்டு வாரமாவது தலையைச் சும்மா விட வேண்டும். பிரித்த அன்றைக்கே மறுபடி தைக்கச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சினாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

கீமோதெரபி ஆரம்பிக்கப் போகிறது. இப்போதே விக் வாங்க வேண்டுமா?

முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்குக் கொடுக்கப் போகிற மருந்தில் முடி போகுமா? எல்லா கீமோ மருந்துக்கும் முழுதாகக் கொட்டாது. சிலவற்றுக்கு மெலிவதோடு நின்றுவிடும்.

கொட்டும் என்று சொன்னால், ஆரம்பிப்பதற்கு முன்பே வாருங்கள். பொதுவாக முதல் டோஸ் போட்டு இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும். முன்பே வந்தால் உங்கள் முடி எப்படி விழுகிறது, வகிடு எந்தப் பக்கம், நெற்றி எவ்வளவு தெரிகிறது, நிறம் என்ன என்று எல்லாவற்றையும் பார்த்து அதற்குத் தகுந்ததை எடுக்கலாம். உதிர்ந்த பிறகு வந்தால் ஒரு போட்டோவை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கடைப்படி ஏறி இறங்கவும் உடம்பில் தெம்பு இருக்காது.

அளவு எடுக்கும்போது நெற்றி முடியோரத்தில் டேப்பை வைத்து, காதுக்கு மேலாகச் சுற்றி, பிடரிக் குழிவரை கொண்டுபோய்த் திரும்ப நெற்றிக்கு வர வேண்டும். பெரியவர்களான பெண்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 சென்டிமீட்டர் வரும். முடி போன பிறகு இது கொஞ்சம் குறையும், அதனால் பின்னால் இறுக்கிக்கொள்ள பட்டையோ கொக்கியோ இருக்கிற விக்காக எடுங்கள். உள்ளே முழுக்கத் தையல் முடிச்சாக இருந்தால் மொட்டைத் தலையில் குத்தும். உட்புறத்தைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். கையில் உறுத்துவது தலையில் ரணமாகும். உள்ளே போட மெல்லிய பருத்திக் குல்லா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டால் இன்னொன்று ஆகும்.

சிகிச்சை நடக்கும்போது பசை, டேப், வீவிங் எதுவும் வேண்டாம். தோல் அப்போது காகிதம் மாதிரி இருக்கும், சின்னக் கீறலில்கூடக் கிருமி ஏறிவிடும். தலையில் ரேடியேஷன் கொடுப்பதாக இருந்தால் விக் போடுவதற்கும் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பலருக்கும் முளைக்க ஆரம்பித்துவிடும். முதலில் வருகிற முடி சுருளாகவோ வேறு நிறத்திலோ வரலாம், பயப்பட வேண்டாம். சில மாதத்துக்குத்தான் விக் தேவைப்படும் என்பதால் கடன் வாங்கி விலை உயர்ந்ததை எடுக்காதீர்கள். நல்ல சிந்தெடிக் விக் ஒன்றே போதும். விக் பிடிக்கவில்லை என்றால் போடாமலே இருங்கள், பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்காரர்களுக்காக, விருந்தாளிகளுக்காக என்று நோயாளி வெக்கையில் விக்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. டெங்கு வந்து தேறிய பிறகும் இப்படித்தான். என்ன வைக்கலாம்?

ஒன்றும் வைக்க வேண்டாம். பிரசவம், கடுமையான காய்ச்சல், பெரிய ஆபரேஷன் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது சகஜம். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கி, மறுபடி வளரும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள். இந்தக் காரணத்தோடு வருகிறவர்களுக்கு நான் வீவிங் செய்வதே இல்லை.

புழுவெட்டு விழுந்த இடத்தை மறைக்க வீவிங் செய்யலாமா?

வேண்டாம். பேர்தான் புழுவெட்டு, புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது, மற்றவருக்குத் தொற்றாது. நிறையப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே முளைத்துவிடும். சிலருக்குத் தோல் டாக்டர் அந்த இடத்தில் ஊசி போடுவார், மருந்து தடவச் சொல்வார். மேலே தைத்து மூடிவிட்டால் மருந்து எப்படிப் படும்? புதுசாக இன்னொரு வட்டம் விழுந்தாலும் தெரியாது. நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது, அங்கே முதலில் காட்டுங்கள். வெளியே போகும்போது மறைக்க, வட்டம் சின்னதாக இருந்தால் கிளிப் பேட்ச், பெரிதாக இருந்தால் விக். வெங்காயம், பூண்டு என்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வராதீர்கள்.

மனித முடியா, சிந்தெடிக்கா?

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிந்தெடிக் ஒரு வகை பிளாஸ்டிக் இழை. கழுவிக் காய்ந்தால் பழைய வடிவத்துக்கே வந்துவிடும், வாரி அலங்கரிக்கத் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் சூடு ஆகாது. இட்லிக் குண்டான் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற ஆவிக்கே முன்முடி சுருண்டு பொசுங்கிப்போகும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து வேலை செய்கிறவர்கள், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் ஊதுகுழலும் நெருப்புமாக உட்கார்கிறவர்கள், சிந்தெடிக்கைப் போட்டுக்கொண்டு அந்த வேலையில் உட்காரவே கூடாது. தினமும் போட்டால் நாலு முதல் ஆறு மாதத்தில் நுனி பஞ்சாகிவிடும்.

மனித முடி ஒரு வருஷமோ அதற்கு மேலோ வரும். சூடு தாங்கும், சாயம் ஏற்கும். ஆனால் நம் சொந்த முடிக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும்.

மனித முடியிலேயே இரண்டு தரம் உண்டு. பழனியிலும் திருமலையிலும் மொட்டை போடும்போது விழுகிற நீள முடி ஒரே கொத்தாக வருகிறது. திருமலை தேவஸ்தானம் அதை மின் ஏலத்தில் விற்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதிலாக ஒரு உறை உண்டு, எல்லாம் வேரிலிருந்து நுனிப்பக்கம் படிந்திருக்கும். கொத்தாக எடுத்த முடியில் செதில் எல்லாம் ஒரே திசையில் இருப்பதால் சிக்கு விழாது. இதைத்தான் ரெமி முடி என்கிறார்கள். இன்னொன்று, சீப்பில் வந்த முடியைத் தெருத்தெருவாக வாங்கிச் சேர்ப்பது. அதில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்திருக்கும். ஆசிட்டில் போட்டுச் செதிலை எடுத்து, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்கி விற்பார்கள். கடையில் பார்க்க இதுதான் அழகாக இருக்கும். நாலைந்து முறை அலசினால் பூச்சு போய், ஜடாமுடியாகிவிடும்.

கண்டுபிடிக்க, ஒற்றை முடியை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக இரு விரலால் உருவிப் பாருங்கள். செதில் உள்ள முடி அந்தத் திசையில் கொஞ்சம் சொரசொரக்கும். இரண்டு திசையிலும் வழுக்கினால் சந்தேகப்படுங்கள். மனித முடியா என்பதே சந்தேகமென்றால் கடைக்காரரைக் கேட்டு இரண்டு முடியை வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி பொசுங்கிய நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் சாம்பலாக உதிரும். சிந்தெடிக் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கன்னங்கரேல் என்று எடுக்காதீர்கள். கடை அட்டையில் நம்பர் ஒன் என்றிருப்பது மை பூசினதுபோல் தெரியும். நம்மில் பலருடைய முடி அதற்கு அடுத்த ஒன் பி நிறம்தான். டியூப் லைட்டில் பார்க்காமல் வாசலில் வெயிலில் வைத்துப் பாருங்கள். அடர்த்தியும் அப்படியே. ஐம்பது வயதில் பதினெட்டு வயது அடர்த்தி வைத்தால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஏப்ரல், மே வெயிலில் தாங்குமா?

சேலத்தில் கோடையில் 38, 40 டிகிரி சர்வ சாதாரணம். தலை வேர்க்காமல் இருக்காது. ஆண்களுக்கான பேட்சில் லேஸ் வலை வைத்தது காற்று விடும். பிளாஸ்டிக் தோல் மாதிரி வருகிற பேட்ச் இயற்கையாகத் தெரிந்தாலும் வேர்வையை உள்ளே தேக்கும், டேப்பும் இளகி ஓரம் நழுவும். நாள் முழுக்க வெயிலில் அலைகிறவர்கள் லேஸ் எடுங்கள். பெண்களுக்கு, தோளுக்கு மேல் நிற்கிற நீளம் கோடைக்கு நல்லது. வீட்டுக்குள் வந்ததும் விக்கைக் கழற்றி ஸ்டாண்டில் வையுங்கள், வேர்வையோடு டப்பாவில் அடைக்காதீர்கள்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். அங்கே குளிர்தானே, பிரச்சினை இருக்காதே?

வேர்வை இருக்காது, ஈரம் இருக்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மனித முடி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பறட்டையாக எழும்பும். சிந்தெடிக் அசையாது. மலையில் இருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சிந்தெடிக் விக்கையே சொல்வது இதனால்தான்.

வீவிங் அங்கே இன்னும் சிரமம். மேலே காய்ந்தமாதிரி இருக்கும், அடியில் பின்னல் ஈரமாகவே இருக்கும். இரண்டு நாள் அப்படி இருந்தால் ஊசல் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். தலை குளித்தால் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துப் பின்னல் வரிசை வரிசையாகக் காய வைக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் அதுவும் நடக்காது. காபி பழம் பறிக்கிற நாட்களில் லீவு கிடைக்காது, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சர்வீஸுக்கு வருவது தள்ளித் தள்ளிப் போகும். தள்ளிப்போன சர்வீஸ் தலைக்குக் கேடு. எஸ்டேட்டில் வேலை செய்கிற தங்கைகளுக்கு வீவிங் செய்துவிட எனக்கு மனசு வருவதில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

விக் என்றால் கழற்றி வைத்துவிட்டு ஜம்மென்று குளியுங்கள். தலை முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள்.

வீவிங்கில் முழு எண்ணெய்க் குளியல் கிடையாது. எண்ணெய் பின்னலுக்குள் இறங்கினால் சீயக்காய் அதை எடுக்காது, தூள்தான் இடுக்கில் தங்கும். டேப்போ பசையோ இருந்தால் எண்ணெய் பட்ட அன்றே விட்டுவிடும். தைத்த வீவிங்கில், வரிசைக்கு நடுவே விரல் நுனியால் நாலு சொட்டு மட்டும் வைத்து, மறுநாள் தண்ணீர் கலந்த ஷாம்பூவால் அலசலாம். எண்ணெய் வைக்காவிட்டால் தலை காய்கிறது, தூக்கம் வரவில்லை என்கிறவர்களுக்கு வீவிங் ஒத்துவராது. இதைக் கேட்காமலே செய்துகொண்டு பிரிக்கச் சொல்லி வருகிறவர்கள் நிறைய.

வகிட்டில் குங்குமம் வைக்கலாமா? பூ வைக்கலாமா? சடை போடலாமா?

விக்கின் வகிடு வெள்ளை அல்லது தோல் நிற வலை. தூள் குங்குமம் அதில் இறங்கினால் சிவப்பு போகாது. வகிட்டுக்குக் கொஞ்சம் கீழே, உங்கள் சொந்த நெற்றித் தோலில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மாரியம்மன் கோயிலில் யாராவது அன்பாக வகிட்டில் வைத்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விடாமல், காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும்.

பூ தாராளமாக வைக்கலாம். ஊசியை முடியில் மட்டும் மாட்டுங்கள், அடிவலையில் குத்தினால் கிழியும். பிடரியில் தாழ்வான ஒற்றைச் சடை எல்லா விக்கிலும் வரும். தூக்கிக் கட்டுகிற கொண்டைக்குச் சுற்றிலும் லேஸ் வைத்த விக் வேண்டும், சாதாரண விக்கில் பின்ஓரத் தையல் தெரியும். கல்யாணத்துக்குப் பூ ஜடை தைத்து வைப்பதாக இருந்தால் அந்தக் கனத்தை வீவிங் மேல் ஏற்றாதீர்கள்.

ஹெல்மெட் போடும்போது?

நீள முடியைத் தாழ்வாகப் பின்னிவிடுங்கள், பிடரியில் உரசி உரசித்தான் சிக்கு விழுகிறது. உள்ளே வழவழப்பான துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும்போது இரண்டு பக்கமும் விரித்து நேராக மேலே தூக்க வேண்டும். முன்பக்கமிருந்து பின்னால் சாய்த்தால் பேட்சின் நெற்றி ஓரம் உரிந்து வரும். விக் அவிழுமோ என்று ஹெல்மெட்டைத் தவிர்க்காதீர்கள். விக்கைப் பையில் போட்டுக்கொண்டு போய், சேர்ந்த இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரில் கழுவலாமா?

உப்புத் தண்ணீர் முடியை விறைக்க வைக்கும். கடைசி அலசலுக்காவது காவிரித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுங்கள். ஒரு பக்கெட்டில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து, விக்கை முக்கி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ வேண்டாம். துண்டில் ஒற்றி, நிழலில் காய வையுங்கள். ஈரத்தில் சீப்பு போடாதீர்கள்.

செலவு எதில் அதிகம்?

வாங்குகிற அன்று மனித முடி விக் அதிகமாகத் தெரியும். வீவிங்கில் முதல் பில் அளவாக இருக்கும், பிறகு வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சர்வீஸ், நடுவில் பேட்ச் மாற்றுவது, வந்துபோகிற பஸ் காசு, அரை நாள் சம்பளம். இத்தனையையும் ஒரு தாளில் எழுதி ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் சர்வீஸ் கட்டணத்தை எழுதித் தர மறுத்தால் அங்கே செய்யாதீர்கள். தைக்கிறார்களா, ஒட்டுகிறார்களா என்றும் முன்பே கேளுங்கள். வீவிங் என்று போர்டு வைத்துப் பசை போட்டு ஒட்டுகிற இடங்கள் உண்டு. ஒட்டுவதாக இருந்தால், அந்தப் பசையைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

பெண் பார்க்க வருகிறார்கள். விக் என்று சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள், நிச்சயத்துக்கு முன்பே. மாப்பிள்ளைக்குப் பேட்ச் இருந்தாலும் இதே பதில்தான். வீட்டுப் பெரியவர்கள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான், அவர்கள் இல்லை. கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம். இரண்டு பேரும் தனியாகப் பேசுகிற அந்தப் பத்து நிமிஷத்தில், எப்போது முடி கொட்டியது, டாக்டர் என்ன சொன்னார், இப்போது என்ன போட்டிருக்கிறேன் என்று மூன்று வரியில் சொன்னால் போதும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு?

வீவிங், பசை இரண்டும் கூடவே கூடாது. பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டும் லேசான, குட்டையான சிந்தெடிக் விக். பி.டி. பீரியடில் கழற்றிவிட்டுத் தொப்பி போட அனுமதி கேட்டு, வகுப்பு டீச்சரிடமும் பி.டி. வாத்தியாரிடமும் பெற்றோர் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். தலை வளர வளர அளவு மாறும் என்பதால் விலை அதிகமானதை வாங்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்துப் பாருங்கள்.